அதிகாரி வரும் அன்றைக்கு மாட்டும் கம்பி

சங்கரன்கோவிலில் பதினோரு வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறேன். தறியில் ஊடை நூலை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மரக்கட்டைக்கு நாடா என்று பெயர். இரண்டு முனையிலும் இரும்புக் கூர். தடம் மாறினால் கல் மாதிரிப் பறக்கும். ஆள்மேல் படாமல் இருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. எங்கள் கொட்டகையில் அந்தக் கம்பிகள் எல்லாம் சாக்கில் கிடந்தன. இழை அறுந்தால் முடிச்சுப் போட இடைஞ்சல், நேரம் போகிறது என்று முதலாளி கழற்றச் சொன்னார். கழற்றினோம். தொழிற்சாலை ஆய்வு அதிகாரி வருகிற அன்று மட்டும் மாட்டுவோம். கேட்டால் எப்பவும் இருக்கும் என்று சொல்லச் சொன்னதும் முதலாளிதான்.

போன முறை அந்த அதிகாரி என்னிடம்தான் கேட்டார். "இது எப்பவும் மாட்டியிருக்குமாம்மா?"

"எப்பவும் இருக்கும் சார்."

அவர் போனதும் பக்கத்துத் தறிக்காரி சிரித்தாள். மதினி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிடுவேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். "ஏட்டி, கொஞ்சங்கூட வாய் கூசலயே உனக்கு. நீ சினிமாவுக்குப் போயிரு."

"நீங்க மட்டும் என்ன, மோட்டுவளையப் பாத்துக்கிட்டுதான நின்னிய?"

அடுத்த வாரம் நாடா பறந்து அவள் வலது கண்ணில் அடித்தது. பார்வை போய்விட்டது.

நஷ்டஈடு கிடையாது என்றார் முதலாளி. "அதிகாரி வந்தப்போ கம்பி இருந்துச்சுல்லா? எப்பவும் இருக்கும்னு நீதான சொன்ன? பெறகு அவளா கழட்டுனா நான் என்ன செய்ய?"

என் பொய்யை எடுத்து அவள் தலையில் கட்டிவிட்டார்.

என் மகளின் வரலாற்றுப் பாடத்தில் விசைத்தறி கண்டுபிடித்ததைப் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். ஆலைகளில் கையும் விரலும் போய், இயந்திரத்துக்குத் தடுப்பு வை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் சட்டம் வந்ததாம். தறி கடல் தாண்டி எங்கள் ஊர்வரை வந்து ஓடுகிறது. சட்டமும் வந்துவிட்டது. முதலாளிமாரே, அதை மட்டும் ஏன் ஓடவிட மாட்டேன் என்கிறீர்கள்? இத்தனை வருஷம் கழித்தும் ஒருத்தி கண்ணைக் கொடுத்துத்தான் சேலை நெய்ய வேண்டுமா? எனக்கு முதலாளி மேல் ஆத்திரம். என் மேலும்தான்.

மைனி வீட்டுக்குப் போனேன். கண்ணில் கட்டு.

"நெசத்தச் சொல்லிருதியாட்டி?"

"சொல்லுதேன் மைனி."

"வேலை போயிரும்லா?"

"போனா போவுது."

கூட வருகிறோம் என்ற கொட்டகை ஆட்கள் மூன்று பேரும் வரவில்லை. அவர்களைத் திட்டிக்கொண்டே ஆய்வு அதிகாரியின் ஆபீசுக்குத் தனியாகப் போனேன். அதே அதிகாரி.

"அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களே. எதும்மா பொய்?"

"அன்னைக்குச் சொன்னதுதான் சார். இப்பவே வந்து பாருங்க, ஒரு தறியிலயும் கம்பி இருக்காது."

எழுதித் தரச் சொன்னார். எழுத்துப்பிழையோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் எனக்குக் கேட் திறக்கவில்லை. என் தறியில் வேறொருத்தி நின்றாள்.

அடுத்த மாதம் நஷ்டஈட்டு விசாரணை. மைனிக்கு நான் ஒருத்திதான் சாட்சி. பொய் சொன்னவள்தானே நீ என்று முதலாளியின் வக்கீல் கேட்பார். ஆமாம் என்பேன். யார் சொல்லச் சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.