நான் கப்பலில் இருந்த ஞாயிற்றுக்கிழமை

பேய், ஆவி, செய்வினை என்று பேச்சு தொடங்கினாலே எழுந்து கை கழுவப் போய்விடுகிற ஆள் நான். என் பிழைப்பு அப்படி. விபத்தில் அடிபட்ட கார்களைப் போய்ப் பார்த்து, வண்டியின் சொந்தக்காரர் சொல்கிற கதை உண்மையா பொய்யா என்று இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. கிள்ளான் பக்கத்து வொர்க்‌ஷாப்புகளில் நான் கேட்காத கதை கிடையாது. மாடு குறுக்கே வந்தது என்பார்கள், ரோட்டு நடுவில் ஒரு பெண் நின்றாள், திரும்பிப் பார்த்தால் காணோம் என்று ஒருவர் சத்தியமே செய்தார், அவர் பம்பரில் ஏதோ ஒரு லோரியின் பச்சைப் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வண்டியின் பெயின்ட் இன்னொரு வண்டியில் இருந்தால் இரண்டும் உரசியிருக்கின்றன, அவ்வளவுதான், அதற்கு மேல் கதை வேண்டாம் என்று சொல்லுகிறவன் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் போகிற சத்தம் கேட்கிற தூரத்தில், ஒரு பழைய அபார்ட்மென்டில் இருக்கிறேன். தனியாகத்தான். மாலதி என்று மனைவி இருந்தாள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை, வீட்டில் பேச்சு தீர்ந்துபோனது, அவள் ஈப்போவில் அம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். எனக்கு எதிர்வீட்டில் சிவபாதம் அங்கிள். யாழ்ப்பாணத்து வம்சம், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர், எப்போது பார்த்தாலும் நெற்றி நிறையத் திருநீறு. ஆன்டி காலமாகிவிட்டார், மகன்கள் ஆஸ்திரேலியாவில். லிஃப்டில் பார்த்தால் அவர் தலையாட்டுவார், நானும் தலையாட்டுவேன். இத்தனை வருஷமாக எங்களுக்குள் நடந்த பேச்சு அதுதான்.

போன வருஷக் கடைசியில் ஒரு கன்டெய்னர் லோரியைப் பார்க்க போர்ட் கிள்ளானுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு உல்லாசக் கப்பல் நின்றுகொண்டிருந்தது, அடுக்குமாடி வீட்டைத் தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரி. மேல் தட்டிலிருந்து யாரோ கை அசைத்தார்கள். எனக்கு இல்லை என்று தெரியும், ஆனாலும் என் கை தானாக எழுந்து திருப்பி அசைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற லோரி டிரைவர் என்னைப் பார்த்தார். அந்த வெட்கமோ என்னவோ, அன்றைக்கே வீட்டுக்குப் போய் ஒரு ஆளுக்கு டிக்கெட் போட்டேன். அதற்கு முன் நான் பினாங்கு ஃபெரியைத் தவிர எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிள்ளானில் கிளம்பி, சனிக்கிழமை பூக்கெட், ஞாயிறு முழுக்கக் கடலில், திங்கள் காலை மறுபடி கிள்ளான். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு பக்கத்தில் சென்ட்ரல் ஸ்டேஷனில் கம்யூட்டர் ரயில் ஏறிப் போனேன். கார் சாவி பழக்கதோஷத்தில் என் பையோடு வந்துவிட்டது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

கப்பலில் ஏறுகிற இடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்து, என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ஒருவர் மட்டும்தானா என்று கேட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பேர் மேசையில் உட்கார வைத்தார்கள். நான் உட்கார்ந்த உடனே ஒரு பையன் வந்து எதிரே இருந்த தட்டு, கரண்டி, கிளாஸ், மடித்து வைத்திருந்த துணி எல்லாவற்றையும் சத்தமே வராமல் எடுத்துக்கொண்டு போனான். பாவம், அவனுக்கு அது வேலை. ஆனால் ஒவ்வொரு வேளையும் என் கண்ணெதிரே அது நடந்தது, கடைசியில் இருக்கட்டும் தம்பி, எடுக்காதே என்று சொல்லலாம் போல இருந்தது.

பந்திங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது, அவர்கள் அப்பாவுக்கு அறுபது வயது நிறைவாம், பேரப்பிள்ளைகள் உட்பட ஒரு பட்டாளம். அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்துவிட்டு வந்து பேசினார்.

“தனியாவா வந்தீங்க? வைஃப் வரலையா?”

“தனியாத்தான்கா.”

“பிள்ளைங்க?”

“இல்ல.”

“அப்ப எங்களோட வந்து உக்காருங்கலா. எதுக்குத் தனியா?”

உட்கார்ந்தேன். நல்ல மனிதர்கள், என் தட்டில் அவர்களே எடுத்து எடுத்து வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றார்கள், போனை என்னிடம் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். யார் தலையும் வெட்டுப்படாமல் நல்லபடியாக எடுத்துக் கொடுத்தேன். பிறகு இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவன்தான், அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாயங்கால வெயில், சுற்றிலும் தண்ணீர், கரை என்ற ஒன்றே கண்ணில் படவில்லை. மேல் தட்டில் ஓரமாக ஒரு சாய்வு நாற்காலியில் கிடந்தேன். தூங்கவில்லை. இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், நான் தூங்கவில்லை, கையில் இருந்த ஐஸ் மைலோவை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். திடீரென்று இடது தோளில் பாரம் ஏறியது. வலி இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி நம் மேல் விழுவாரே, அந்த மாதிரி ஒரு மனித பாரம். திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. கையை ஆட்டிப் பார்த்தேன், பாரம் அப்படியே இருந்தது, மூச்சு வாங்குகிற மாதிரி கொஞ்சம் ஏறி ஏறி இறங்கியது. மாரடைப்புக்கு முன்னால் இப்படி இருக்கும் என்பார்களே என்றுகூட நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. யாரோ என்னை நம்பிச் சாய்ந்திருக்கிற மாதிரி இருந்தது, அது நன்றாக இருந்தது. எழுந்தால் போய்விடுமோ என்று அசையாமல் கிடந்தேன். வெயில் இறங்கியபோது பாரமும் மெதுவாக இறங்கிப் போனது.

கேபினுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் என் நீல டி-ஷர்ட்டின் இடது தோளில் வெள்ளையாக ஒரு தீற்றல். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். திருநீறு. நான் பூசுவதில்லை. அந்தச் சட்டை அன்றைக்குத்தான் பையிலிருந்து எடுத்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், பெயின்ட் ஒட்டியிருந்தால் உரசியிருக்கிறது என்று ஆயிரம் தடவை எழுதியவன், என் சட்டைத் தோளைப் பார்த்துக்கொண்டு அந்தக் கட்டிலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, கூட்டத்தில் யாராவது இடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் என்னை இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் வரவில்லை என்பது எனக்குத்தானே தெரியும்.

திங்கட்கிழமை வீட்டுக்குத் திரும்பி கேட்டில் நுழைகிறேன், எங்கள் நேப்பாள வாட்ச்மேன் ஓடி வந்து, அங்கிள் எப்படி இருக்கிறார் பாஸ் என்று மலாயில் கேட்டான். எந்த அங்கிள் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நேற்று சாயங்காலம் நீங்கள்தானே எதிர்வீட்டு அங்கிளைத் தாங்கிக்கொண்டு வந்து உங்கள் காரில் ஏற்றினீர்கள், நான்தானே கதவைத் திறந்து பிடித்தேன் என்றான்.

நேராகக் கீழே பார்க்கிங்குக்குப் போனேன். எப்போதும் பின்பக்கமாக ஏற்றித்தான் நான் காரை நிறுத்துவேன், அது முன்பக்கமாக நின்றது. டிரைவருக்குப் பக்கத்து சீட் நன்றாகப் பின்னால் சாய்க்கப்பட்டிருந்தது. சாவி என் பையில். இன்னொரு சாவி வீட்டு டிராயரில் வைத்தது வைத்தபடி.

வாட்ச்மேனிடம் இடம் கேட்டுக்கொண்டு போனேன். பங்சார் பக்கத்து ஆஸ்பத்திரியில் அங்கிள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை, எனக்குத் தெரிந்து.

“குளிச்சிட்டு ஆறுதலா வாங்கோ எண்டெல்லோ சொன்னனான், தம்பி. அதுக்குள்ள வந்திட்டீங்கள்.”

“அங்கிள், நான் நேத்து இங்க இல்ல. கப்பல்ல இருந்தேன்.”

அவர் சிரித்தார். செய்த உதவியைச் சொல்லிக் காட்டக் கூச்சப்படுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வடையும் கையுமாக வந்து அவர் கதவைத் தட்டினேனாம். டீ குடித்தோமாம், நிறையப் பேசினோமாம், பேச்சுக்கு நடுவில் அவருக்கு நெஞ்சு அடைத்ததாம். லிஃப்டிலிருந்து கார் வரைக்கும் என் தோளில்தான் சாய்ந்து வந்தாராம். சொல்லிக்கொண்டே என் இடது தோளைத் தட்டிக் காட்டினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். நான் பூக்கெட் முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டப் பையைத் துழாவுகிறேன், அதற்குள் ஊசி போட வந்த நர்ஸ் என் பக்கம் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு, “நேத்து கேட்டீங்களே, இன்னொரு கம்பளி, அது கிடைச்சதா அண்ணே?” என்றார். நான் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்கவில்லை.

தொழில் புத்தி விடுமா. அபார்ட்மென்ட் ஆபீசில் போய் லிஃப்ட் கேமராவைக் கேட்டேன். அது ரொம்ப நாளாகவே ஓடவில்லை என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் என் முகத்தைப் பார்த்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

அங்கிள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். போகாமல் எப்படி இருப்பது, அவர் எதிர்பார்க்கிறார். எனக்கும் அந்த நேரம் பழகிவிட்டது. வயசாகிவிட்டது, மறதி, ஆள் மாறாட்டம் என்று நீங்கள் சொல்லப் பார்ப்பீர்கள். அவர் இங்கிலீஷ் பேப்பரில் குறுக்கெழுத்தைப் பேனாவால் போடுகிறவர், என்னைவிடத் தெளிவு. ஒரே ஒரு குறைதான் அவருக்கு. “அண்டைக்கு எவ்வளவு கதைச்சீங்கள், சிரிச்சுச் சிரிச்சு. இப்ப என்ன தம்பி, பேச்சே இல்லை?” என்று அடிக்கடி கேட்பார். நான் டீயைக் குடிப்பேன்.

ஒரு நாள் டீ ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

“மகள் திரும்பி வந்திட்டாவோ?”

“எந்த மகள், அங்கிள்?”

“உங்கட மகள்தான். கயல்விழி.”

உங்களிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. கிள்ளானில், ஆஸ்பத்திரியில். மறுநாள் விடியவில்லை அதற்கு. பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மாலதியும் நானும் காரில் போகும்போது அந்தப் பெயரைப் பேசி முடிவு செய்திருந்தோம், பெயர் வைக்கிற அன்றைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை நாங்கள் ஒரு தடவைகூட உச்சரித்தது கிடையாது. யாராவது பிள்ளைகள் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவேன்.

கப்பைக் கீழே வைத்துவிட்டேன். அவளைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்று மெதுவாக அவரிடமே கேட்டேன். சிரம்பானில் மருந்தகத்தில் வேலை செய்கிறாளாம். பிடிவாதக்காரியாம். நான் போனில் போட்டோ காட்டினேனாம், கடலுக்கு முன்னால் நிற்கிறாளாம், காற்றில் முடியெல்லாம் முகத்தில் விழுந்து கிடந்ததாம்.

“உங்கட மூக்குத்தான் பிள்ளைக்கு. முதல் தடவையாத் தனியாக் கப்பலில போயிருக்கிறா, வீட்டில இருக்க முடியேல்லை எண்டுதானே என்ர கதவைத் தட்டினீங்கள்.”

“எந்தக் கப்பல்னு சொன்னேனா, அங்கிள்?”

“கிள்ளானில இருந்து வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டது எண்டீங்கள். நாளைக்குக் காலமை வந்திடுவா எண்டீங்கள்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். “வந்திட்டாதானே?”

“வந்துட்டா, அங்கிள்” என்றேன்.

அதன் பிறகு அவர் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறாள் என்றுதான் சொல்கிறேன். அன்றைக்கு அவர் கதவைத் தட்டியது யார் என்று நான் இப்போது யோசிப்பதை விட்டுவிட்டேன். என்னை விடாமல் பிடித்திருப்பது வேறு, அவள் போனதாகச் சொன்னது நான் போன அதே கப்பல். அந்தக் கப்பலில் எத்தனை சாப்பாட்டு வேளை, எத்தனை லிஃப்ட், எத்தனை படிக்கட்டு, எத்தனை பேர் என்னைக் கடந்து போயிருப்பார்கள். தனியாக வந்திருக்கிறேன் என்ற கூச்சத்தில், ஏறியதிலிருந்து இறங்கும் வரைக்கும், அப்படிக் கடந்து போன ஒருவர் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.