பச்சை விளக்கை எரிய வைத்தது நான்தான்

மெக்கானிக் ஜெயவேலு நேற்று காலமானார். அதிலிருந்து ஆளாளுக்கு ஃபேஸ்புக்கில் என்னையும் சேர்த்து எழுதுகிறீர்கள்... "டீச்சரம்மா காரின் டாஷ்போர்டு லைட்டைச் சரிசெய்தவர்" என்று.

தவறு. சரிசெய்தது நான். அதை ஊர் முழுக்கச் சொன்னவர் ஜெயவேலு.

அறுபதுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய கறுப்பு கார். என் கணவருக்கு ஓட்ட பயம். லைசென்ஸ் எடுத்தவள் நான். திருப்புட்குழி பள்ளிக்கு வேலைக்கு நானே ஓட்டிப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

ஆனால் டாஷ்போர்டில் இண்டிகேட்டரின் பச்சை விளக்கும் எரியவில்லை, ஆயிலுக்கான சிவப்பு விளக்கும் எரியவில்லை.

ஜெயவேலு பல்பை மாற்றினார். ஒயரை மாற்றினார். ம்ஹூம்...

"பல்பு புதுசு, ஒயரு புதுசு. இனிமே மாத்தறதுக்கு காருதான் பாக்கி கீது, டீச்சரம்மா!"

என் மாமனாருக்கு அது போதும். "லைட்டு எரியாத வண்டிய வெச்சிக்கினு இன்னாம்மா பண்றது? வித்துடலாம்."

விற்றால் எனக்கு மறுபடி பஸ்தான்.

வாங்குகிறவர் வந்து கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தேன். பல்பு உட்காரும் குழியை வெளியே இழுத்தால்... சந்தன வாசனை!

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஜெயவேலு டாஷ்போர்டில் ஒவ்வொரு விளக்குக் கண்ணாடிக்கும் தண்ணீராய்ச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பார். அது வழிந்து குழியின் அடிவரை இறங்கி, காய்ந்து, சுண்ணாம்புக் காரைபோல் இறுகிவிட்டது. கரண்ட் எப்படிப் போகும்?

கான்வென்டில் தையல் வகுப்புக்கு வாங்கிய குரோஷா கொக்கி ஊசியால் சுரண்டி எடுத்தேன். பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பினேன். சிவப்பு எரிந்தது. இண்டிகேட்டரைப் போட்டேன். பச்சை மினுக் மினுக்கென்று எரிந்தது!

பக்கத்தில் நின்ற ஜெயவேலு அசந்துபோனார். "சாமிக்கு வெச்ச பொட்டும்மா அது!"

"சாமிக்கு வையுங்க, ஜெயவேலு. பல்புக்கு வைக்காதீங்க."

அப்புறம் சிரித்தார் பாருங்கள்... நேரே கூடத்துக்குப் போய், "காபி குடிச்சிட்டு கெளம்புங்க சார்! டீச்சரம்மா லைட்ட எரிய வெச்சிட்டாங்க, வண்டி விக்கறதுக்கு இல்ல!" என்றார்.

மாமனார் சாவியை என் கணவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. என்னைக் கை காட்டினார்.

மறுநாள் பள்ளிக்கு நான் காரில் போனேன். தெருவே வாசலில் நின்றது. நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஜெயவேலு சந்தனக் கிண்ணத்தோடு வந்து நிற்பார். "எங்க வெக்கட்டும், டீச்சரம்மா?"

"டயருக்கு."

நல்ல மனிதர். நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவர். நிம்மதியாகத் தூங்குங்கள், ஜெயவேலு.

அவர் மகன் செல்வத்துக்கு: நாளை காலை அந்தக் காரில்தான் வருகிறேன். ஓட்டப்போவதும் நான்தான். உங்கள் தெருவில் பந்தல் போட்டிருக்கிறதா, கார் உள்ளே நுழையுமா என்று இதன் கீழேயே எழுது. போனில் எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.