விட்ட இடத்திலிருந்து

ஹசீனாவின் வேலை என்னவென்று அவள் மாமியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. "கம்ப்யூட்டர்ல பாலு பாக்குறா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். அதில் பெரிய தப்பும் இல்லை. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இயங்கும் அந்தச் சிறிய நிறுவனம் பத்தொன்பது ஊர்களின் பால் குளிரூட்டும் தொட்டிகளைக் கண்காணிக்கிறது. ஒவ்வொரு தொட்டியும் அரைமணிக்கு ஒருமுறை தன் வெப்பநிலையை ஒரு வரியாக எழுதி அனுப்பும். எல்லாம் ஒரே லாக் கோப்பில் சேர்ந்து, அனுமார் வால் போல நீண்டுகொண்டே போகும்.

சேர்ந்த புதிதில் அதை உருட்டி உருட்டியே அவளுக்குத் தலைவலி வந்துவிடும். பிறகுதான் இணையத்தில் ஒரு சின்னக் கருவி கிடைத்தது. ஒரு கமாண்டு தட்டினால் போதும். கடைசியாகப் பார்த்த இடத்தில் குறி வைத்திருந்து, அதற்குப் பின் வந்த வரிகளை மட்டும் காட்டும். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாகக் கொடுத்தது.

சென்ற ரமலானில் ஒரு நாள். ஒன்பதரைக்குப் பார்த்தபோது எல்லாத் தொட்டியும் நான்கு டிகிரி. பத்தே முக்காலுக்கு மறுபடி தட்டினாள். புதிதாக ஒரு வரியும் இல்லை. அப்பாடா என்று சாய்ந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். கோளாறே இல்லையென்றாலும் பத்து மணி வரிகளும் பத்தரை வரிகளும் வந்திருக்க வேண்டுமே! பத்தொன்பது தொட்டியுமா வாயடைத்துப் போயின?

"பிரபாகர், நீங்க ஏதாச்சும் தட்டுனீங்களா?"

பக்கத்து மேசை பிரபாகர் தலையைச் சொறிந்தான். "நோன்போட இருக்கீங்களே, நானே பாத்துடலாம்னு தட்டுனங்க்கா. அதுக்குள்ள போன் வந்துருச்சு. படிக்கல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இருவருக்கும் ஒரே லாகின், ஆகவே குறியும் ஒன்றுதான். யாரும் படிக்காத வரிகளைப் படித்ததாக எண்ணிக் கருவி குறியை நகர்த்திவிட்டது.

குறியைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி தட்டினாள். ஏரியூர் தொட்டி பத்து மணிக்கு ஐந்து, பத்தரைக்கு ஏழு. ஹசீனா உடனே போனை எடுத்து ஏரியூருக்கு அழைத்தாள். நாற்பது வீட்டுப் பால் அது. பத்து டிகிரியைத் தாண்டினால் பன்னிரண்டு மணிக்கு வரும் லாரி வாங்காது. கீழேதான் கொட்ட வேண்டும். போன கோடையில் அப்படிக் கொட்டியபோது தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் குள்ளம்மாளை ஊரே ஏசியது. இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

"குள்ளம்மாக்கா, எங்க இருக்கீங்க? தொட்டி சூடாவுது!"

"ஐயோ, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க வந்தனே!"

வயலிலிருந்து ஓடிய ஓட்டத்தில் குள்ளம்மாளின் ஒரு செருப்பு வரப்பிலேயே நின்றுவிட்டதாம். குளிரூட்டியின் சுவிட்ச் தானாகவே விழுந்து கிடந்தது; அதைத் தூக்கிவிட்டாள். பதினொன்றரை வரியில் ஆறு, பன்னிரண்டில் ஐந்து. லாரி பாலை ஏற்றிக்கொண்டு போனது. ஹசீனா முதல் வேலையாகப் பிரபாகருக்குத் தனி லாகின் போட்டுக்கொடுத்தாள். அவனைத் திட்ட மனம் வரவில்லை, உதவத்தானே நினைத்தான்.

மதியம் குள்ளம்மாள் அழைத்தாள்.

"கோவிச்சுக்காத கண்ணு. முந்தியெல்லாம் லாரி வர்ற வரைக்கும் தொட்டிய வுட்டு நவுர மாட்டேன். நீ அங்க பாக்குறன்னு ஆனப்புறந்தான் வயலுக்குப் போறேன். அந்தத் தெகிரியத்துலதான் மாடே வாங்குனேன்."

ஹசீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் வெறும் வரிகளைத்தான் பார்க்கிறோம் என்று நினைத்திருந்தாள். அன்று நோன்பு திறக்கும்போது தனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இந்த வேலையைக் கொடுத்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி மட்டும் சொன்னாள்.