பர்ஸோ மாத்தின ஆயில் ஃபில்டர்

என் ஸ்போர்ட்ஸ் காரை சர்வீஸிலிருந்து எடுக்க இன்று மாதாப்பூர் ஷோரூமுக்குப் போனேன். வெளி மெக்கானிக் தொட்டாலோ நானே கை வைத்தாலோ வாரண்டி போய்விடும் என்று மிரட்டியே வரவழைக்கிற இடம்.

சர்வீஸ் அட்வைசர் சிகந்திராபாத் தமிழர்.

"ஆயில், ஃபில்டர் எல்லாம் புதுசு மேடம்."

பானெட்டைத் திறக்கச் சொன்னேன். வண்டியை விடுவதற்கு முன்பே பழைய ஃபில்டரில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். பொட்டு அப்படியே இருந்தது.

"புது ஃபில்டருக்குப் பொட்டு வெச்சது யாருங்க?"

அவர் பானெட்டை மூடப் போனார்.

"இதை எப்ப மாத்தினீங்க?"

"பர்ஸோ மாத்தினோம் மேடம்."

பர்ஸோ என்றால் முந்தாநாள். இந்த ஊரில் போன மாதமும் பர்ஸோதான், போன வருஷமும் பர்ஸோதான். ஆனால் முந்தாநாள் என் வண்டி குகட்பள்ளியில் என் வீட்டு வாசலில் நின்றது!

ஷோரூமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். என் கண் முன்னால் மாற்ற வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழைகிறேன், அதே மனிதரின் போன்.

"மேடம், ஃபீட்பேக்ல பத்துக்குப் பத்து போட்டுடுங்க, ப்ளீஸ்."

"போட்டுட்டேனே."

"எப்ப மேடம்?"

"பர்ஸோ."

வாரண்டி நாசமாய்ப் போகட்டும். அடுத்த சர்வீஸுக்கு போவன்பள்ளியில் ஒரு மெக்கானிக்கைப் பிடிப்பதா, நானே வண்டிக்கு அடியில் படுப்பதா? பட்டவர்கள் சொல்லுங்கள். "பர்ஸோவே சொன்னேனே" என்று மட்டும் யாரும் வராதீர்கள்.