மறுவிதைப்புக்கு எடுத்து வைத்தது

தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதி எழுதி எனக்கு வெறுத்துப் போயிருந்தது. அதிலிருந்து வெளியே வர ஒரு வழி கிடைத்தது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் பங்குச்சந்தை வகுப்பு நடத்தும் அண்ணாச்சி, என்னைப் போன்ற மாணவர்களுக்குப் போட்டி வைத்தார். செல்போனில் பொய்ப்பணம் தருவார். ஒரு மாதம் வாங்கி விற்க வேண்டும். யாருடையது அதிகம் பெருகுகிறதோ அவருக்கு அண்ணாச்சியின் ஆபீசிலேயே வேலை, வாடிக்கையாளர்களின் நிஜப் பணத்தைக் கையாளும் வேலை. அந்த வேலை எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு ஆசைப்பட்டேன்.

கடைசி நாள் காலையில் நான்தான் முதலிடம். அண்ணாச்சி என் செல்போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பாதிப் பணம் சும்மா கிடந்தது.

"ஏம்மா, நெசத் துட்டா இது? எல்லாத்தையும் ஒரே பங்குல போடு. கீழ இருக்கவன்லாம் இன்னைக்கு அப்படித்தான் போடுவான். பயப்படுதியா?"

"பயமில்ல அண்ணாச்சி. அது மறுவிதைப்புக்கு."

வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். எங்கள் கரிசலில் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைக்கிறோம். ஒரு ஏமாற்று மழை பெய்து, முளை எட்டிப் பார்த்து, பிறகு வெயில் கொளுத்தினால் அத்தனையும் கருகிவிடும். மறுபடி விதைக்கவென்று விதையில் ஒரு பகுதி மூட்டையிலேயே கிடக்கும். வானத்தை நம்பி மண்ணில் கொட்டும் எங்களைப் பார்த்தா பயந்தாங்கொள்ளி என்பது? எனக்கு ஆத்திரம் பொங்கியது. பொய்ப்பணத்துக்கு மறுவிதைப்பு தேவையில்லைதான். போட்டியின் விதிப்படி நான் செய்தது முட்டாள்தனம். தெரிந்தேதான் செய்தேன். பாதியைத் தொடவில்லை.

சாயங்காலம், கடைசி இடத்தில் கிடந்த, பசுவந்தனையிலிருந்து வரும் இளைஞன் முதலிடத்தில் இருந்தான். மொத்தத்தையும் ஒரே பங்கில் கொட்டியிருந்தான், அது எகிறிவிட்டது. அவனைப் போலவே கொட்டிய மற்றவர்களின் பணம் துடைத்துக்கொண்டு போய்விட்டது. அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணாச்சி அவனுக்குச் சால்வை போட்டு, வேலை இவருக்குத்தான் என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். வாடிக்கையாளர் துட்டு இருக்கட்டும். உங்க வீட்டுத் துட்டை இவர் கையில குடுப்பீங்களா?"

"அது வேற, இது வேற. உக்காரும்மா."

"எப்படி வேற? குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

அவர் மேசை மேலிருந்த மைக்கைத் தள்ளித் தள்ளி வைத்தார். நான் உட்காரவில்லை. பதில் சொன்னது சால்வையோடு நின்றவன்தான்.

"என் துட்டையே என் கையில குடுக்க மாட்டேன், அக்கா."