குட்டையாகிப் போன மரம்

"…நீ வளந்துட்டடி, அதான். மரம் எங்கனா குட்டையாவுமா?" என்றாள் சித்தி. சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உச்சிவேளை. தெருவில் நாய்கூட இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரே வாரத்தில் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்துவிட்டாய் என்றால் எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்? ஆனாலும் இன்னொரு தரம் மரத்தோடு ஒட்டி நின்று பார்த்தேன்.

சித்தப்பா லாரி ஓட்டினார். ஒரு தடவை பெங்களூர் போய்வந்தபோது மண்ணெண்ணெய் டின்னில் அந்தச் செடியைக் கொண்டுவந்து வாசலில் நட்டார். சைப்ரஸ் என்று அதற்கொரு பெயர் இருப்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்கு அது பெங்களூர் மரம். மேலே போகப் போகக் கூம்பி, முக்காடு போட்ட பொம்பளை நிற்பதுபோல இருக்கும். இலை என்று சொல்ல முடியாது, செதில் செதிலாக ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிய பச்சை. கசக்கினால் கற்பூரமும் எலுமிச்சைத் தோலும் கலந்த வாசனை. காற்றடித்தால் மற்ற மரங்கள் சலசலக்கும், இது யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடுவதுபோல உஸ்ஸென்னும். காக்கா உட்காராது. நிழலும் கிடையாது.

"நான் வர்றதுக்குள்ள கூரைய தொட்டுடணும், பாத்துக்க" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, அஸ்ஸாமுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனார் சித்தப்பா. இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை.

பால் ஊற்றுகிற அம்மாள்தான் ஆரம்பித்து வைத்தவள். நல்ல மனுஷி. சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகத்தான் சொன்னாள்: "அவரு வச்ச மரம் எப்பிடி பச்சையா கீது பாரு. உங்க வூட்டுக்காருக்கு இன்னா ஆயிடப் போவுது?" அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தெருவே மரத்தைப் பார்க்க ஆரம்பித்தது. தபால்காரர்கூட சைக்கிளை நிறுத்தாமலே, "கடுதாசி இல்லம்மா, ஆனா மரம் ஜோரா கீது" என்று சொல்லிவிட்டுப் போவார். கோயிலுக்குப் போகிற பெண்கள் மரத்தடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்கள். சித்தி காலையில் ஒரு குடம், உச்சியில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் ஊற்றினாள். வெயில் கடுமையானால் ஈரச் சாக்கைப் போர்த்திவிடுவாள். அப்போது அதைப் பார்த்து மிரண்ட மாடுகள் உண்டு.

குளிர்தேசத்து மரம், எங்கள் களிமண், அதில் இத்தனை பேர் அன்பாக ஊற்றிய தண்ணீர். வேர் மூச்சுவிட எங்கே இடம்?

மரத்தோடு முதுகை ஒட்டி நின்று உயரம் பார்ப்பது என் வழக்கம். என் தலைக்கு மேலே ஒரு சாண் இருந்தது அது. ஒருநாள் அப்படி நின்றபோது கொப்பை விலக்கி உள்ளே பார்த்தேன். வெளியே விரற்கடை பச்சை. உள்ளே முழுக்கக் காய்ந்து, துருப்பிடித்த நிறத்தில், நூலாம்படை கட்டிய வெற்றறை மாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். பெரியப்பா வந்து கையை விட்டுப் பார்த்தார். கை தோள்வரை உள்ளே போயிற்று.

"சித்திகிட்ட சொன்ன, தோல உரிச்சுடுவேன்" என்றார். என்னை அடித்தே அறியாத மனிதர்.

அந்த வாரமே சித்தியை, பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரிலிருந்த அவள் தாய்வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார். துணைக்கு நானும் போனேன். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தால் மரம் அதே இடத்தில் நின்றது, முன்னைவிடப் பச்சையாக. கொப்பை விலக்கிப் பார்த்தேன். உள்ளேயும் பச்சை.

அன்று சாயங்காலம் வெந்நீர் அடுப்பிலிருந்து புகை வந்தது. கற்பூரமும் எலுமிச்சைத் தோலும் எரிகிற வாசனை. மரம் வாசலில் நிற்கிறது, அதன் வாசனை கொல்லையில் எரிகிறது. "பெரிப்பா, இன்னா பெங்களூர் மரம் வாசன அடிக்குது?" என்றேன். "சவுக்குக் கட்ட" என்றார். கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த சித்தியின் கை, கயிற்றோடு பாதியில் நின்றது. அப்புறம் மறுபடி இழுத்தாள்.

காஞ்சிபுரத்தில் பூச்செடி விற்கிறவரிடம் சொல்லிவைத்து, அதே மாதிரி வேறொரு மரத்தை வைக்கோல் வண்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்தாராம் பெரியப்பா. நான் கல்யாணமாகிப் போன பிறகுதான் இதைச் சொன்னார். கிடைத்தது சின்ன மரம். அதனால் அடியில் செம்மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் நட்டுவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் உயரம் சரியாக இருந்தது.

ஆனால் நான் தூரத்திலிருந்து பார்க்கிறவள் இல்லையே. ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் உச்சிவேளையில் மேட்டில் ஏறி, முதுகை ஒட்டி நின்றேன். நுனி என் காதுக்குத்தான் வந்தது. குடத்தோடு வந்த சித்தியிடம், "சித்தி, மரம் குட்டையாயிடுச்சு" என்றேன். அப்போதுதான் அவள், நான் வளர்ந்துவிட்டேன் என்று சொன்னாள்.

சொல்லிவிட்டு மேட்டைக் காலால் ஒருதரம் அழுத்திப் பார்த்தாள். மண் பொலபொலவென்று சரிந்தது. குடத்தை மரத்துக்கு ஊற்றவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, முழுக் குடத்தையும் தன் உச்சந்தலையில் கவிழ்த்துக்கொண்டாள். குங்குமம் கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. தூரத்துச் சாவுச் சேதி வந்தால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் ஊற்றிக்கொள்வார்கள். எனக்கு அது தெரியாது. வெயிலுக்குக் குளிக்கிறாள் என்று நினைத்து, "எனக்கும் ஊத்து சித்தி" என்றேன்.

"உனக்கு வேணாம்டி. நான் ஊத்திக்கினது போதும்."

உள்ளே பெரியப்பா தூங்கி எழுந்து செருமுகிற சத்தம் கேட்டது. சித்தி விருட்டென்று எழுந்து, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்ணாடி முன்னே போய் நின்று, எப்போதும் வைப்பதைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள்.