முப்பத்தொரு சிவப்புக் கட்டங்கள்

சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசு தட்டுவது மனைவியின் வேலை. கேபிள் சாருக்கு முட்டி மடங்காது. கீழே உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். அதனால் அவர் நாற்காலியில் இருந்தபடியே மேற்பார்வை பார்ப்பார். அவள் பெட்டியைச் சாய்த்து வைத்து, நாலு திருகையும் கழற்றி ஒரு டப்பா மூடியில் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்க வாங்கிய பிரஷ்ஷால் விசிறியின் இறகுகளை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்த கை. எந்த ஒயர் எதில் சொருகியிருந்தது என்று அது மறக்காது.

அன்றைக்கு அவள் கடைசித் திருகை முடுக்கும்போது அவர் விஷயத்தைச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை பழைய சாமான்காரர் வருகிறார், இந்தப் பெட்டியையும் இரண்டு மானிட்டரையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார், இனி இதில் வேலை இல்லை என்றார். சொல்லும்போது மேஜையின் மேல் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அவள் பிரஷ்ஷை மூடியில் தட்டினாள்.

"அப்ப சின்னவ உள்ள இருக்காளே. அவள என்ன பண்றது?"

சின்னவள் என்பது அவளுடைய தங்கை. அம்மா போன பிறகு பதினோரு வயதிலிருந்து இந்த வீட்டில் வளர்ந்தவள். படித்து முடித்து, கடல் தாண்டி ஒரு வேலை கிடைத்துக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முந்தின வாரம் கேபிள் சார் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க அவள் பின்னாலேயே சுற்றினார். துணி மடித்தது, பெட்டி பூட்ட முடியாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது, அக்காவோடு மல்லுக்கட்டியது, மொட்டைமாடியில் ஒன்றுமில்லாத விஷயத்தைப் பற்றி எட்டு நிமிஷம் பேசியது, எல்லாம் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்த நாலாம் மாதம் ஒரு பஸ் விபத்தில் அவள் இறந்துபோனாள். பதினேழு வருஷம் ஆகிறது.

அந்த ஒரு நாளிலிருந்து மூன்று நிமிஷப் படம் ஒன்றை அவர் வெட்டிக் கொடுத்திருந்தார். அது குறுந்தட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் தொழில் பழக்கம்: பேச்சையெல்லாம் அமுக்கிவிட்டு மேலே பாட்டைப் போட்டுவிட்டார். படத்தில் சின்னவள் சிரிக்கிறாள், வாயசைக்கிறாள், குரல் மட்டும் இல்லை. ஓரிடத்தில் உதடு இரண்டு தடவை ஒட்டிப் பிரியும். அது 'மாமா' என்று அக்காக்காரி கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. அவளுக்கு வேண்டியது வெட்டாத முழுப் படம். அதில்தான் குரல் இருந்தது.

இருந்தது. இப்போது இல்லை. அது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

கேபிள் சார் என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஊரில் பழைய எடிட்டிங் மெஷினை வைத்துக்கொண்டு மாரடிக்கிற எல்லாரும் அவருக்குத்தான் போன் போடுவார்கள். என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னாலேயே, மொதல்ல கேபிளை மாத்திப் பாருங்க என்பார். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பேருக்காக அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒரு பக்கம் கோளாறு, மறுபக்கம் மருந்து.

பள்ளிக்கூட ஆண்டு விழா எடுத்தவர் ஒருவர் வீடியோ பாதியில் நின்றுவிட்டது, கேமராவைத் தூக்கிப் போடப்போகிறேன் என்று அழாத குறையாகச் சொன்னார். கேமரா மேல் தப்பில்லை, அந்தப் பழைய டிரைவ் நாலு ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக வாங்காது, அதன் வயிறு அவ்வளவுதான் என்று சொல்லி, டிரைவை வேறு முறையில் ஃபார்மேட் செய்யவைத்தார். இன்னொருவர் கேமரா கார்டிலிருந்து படங்களை மட்டும் அழகாகப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் மாற்றி வைத்துவிட்டு, மெஷினுக்குள் இம்போர்ட் ஆகவில்லை என்றார். அவருக்குக் கொஞ்சம் திட்டு விழுந்தது. குடும்பத்தைப் பிரிச்சுக் கூட்டிட்டு வந்தா எப்படிப் பேசும், ஃபோல்டரோட அப்படியே தூக்கிட்டு வாங்க என்றார். போனில் எடுத்த படத்தில் வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகிறது என்று வந்தவர்களுக்கு, முதலில் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு உள்ளே விடச் சொன்னார்.

திரை முழுக்கச் சிவப்பாக வந்துவிட்டது என்று பதறுகிறவர்கள்தான் அதிகம். அவர்களிடம் அவர் குரல் ரொம்பத் தணிந்துவிடும். வேலையைச் சேமித்து வைக்கிற ஃபைலில் படம் எதுவும் கிடையாது, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் இருக்கிறது. டிரைவுக்குக் கம்ப்யூட்டர் வைக்கிற D, E மாதிரியான எழுத்து மாறினால் மெஷின் பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டும், பதில் வராது, சிவப்புக் காட்டும்.

"பயப்படாதீங்க. வீடு அங்கயேதான் இருக்கு. தெருப் பேருதான் மாறிடுச்சு."

இந்த வாக்கியத்தை அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பக்கத்து அறையில் காய் நறுக்கிக்கொண்டே மனைவியும் நூறு தடவை கேட்டிருக்கிறாள்.

அவருடைய சொந்த வீட்டுக்கு நேர்ந்தது வேறு. அந்தக் காலத்தில் டேப்பில் எடுத்து டிரைவில் ஏற்றுவார்கள். ஏற்றியதும் டேப்பை மறுபடி வேறு வேலைக்குப் பயன்படுத்துவார்கள். சின்னவளின் டேப்பும் அப்படித்தான் போயிற்று. படம் டிரைவில், 'சொந்தம் 4' என்ற ஃபோல்டரில் இருந்தது. சின்னவள் இறந்த செய்தி வந்தது பதினாலாம் தேதி. வீடே படுத்துவிட்டது. மனைவி சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரு கடைத் திறப்பு விழா வேலை கையில் நின்றிருந்தது. கடைக்காரர் நாலு தடவை ஆள் அனுப்பிவிட்டார். இருபத்தஞ்சாம் தேதி காலையில் கேபிள் சார் பதினோரு நாள் கழித்து எடிட் அறையைத் திறந்தார். டேப்பைப் போட்டு ஏற்றினால் பாதியில் நின்றது. மறுபடி ஏற்றினார், மறுபடி நின்றது. டிரைவில் இடமில்லை. இடமில்லாவிட்டால் முடிந்த வேலைகளை அழிப்பது வழக்கம். வரிசையாகத் தேர்ந்தெடுத்தார். நிச்சயமாக அழிக்கலாமா என்று மெஷின் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார். திறப்பு விழா முழுசாக ஏறியது.

மூன்றாவது மாதம் மனைவி வந்து பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, அவ பேசறத ஒரு தடவ கேக்கணும்போல இருக்கு என்றாள். அப்போதுதான் அவர் தேடினார். 'சொந்தம் 4' அங்கே இல்லை. அவளிடம், இம்போர்ட் ஆக மாட்டேங்குது, ஏதோ கோளாறு, பார்க்கிறேன் என்றார். ஒரு நாளைச் சமாளிக்கச் சொன்ன வார்த்தை. அது பதினேழு வருஷம் ஓடிவிட்டது.

அன்றைக்குப் பிறகு அந்த டிரைவில் அவர் ஒன்றும் எழுதவில்லை. அழிந்ததை மீட்கிற புரோகிராம்கள் இரண்டை, அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது ஓட்டிப் பார்த்தார். திறப்பு விழாவின் ரிப்பன்தான் திரும்பத் திரும்ப வந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை, அந்தச் செய்தி வந்த பதினாலாம் தேதி அவள் முக்காலியில் வந்து உட்காருவாள். அவர் கேபிளை மாற்றுவார். சொருகும் இடத்தை மாற்றுவார். டிரைவின் எழுத்தை மாற்றுவார். பழைய வேலையைத் திறப்பார். முப்பத்தொரு கட்டமும் சிவப்பாக வந்து நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் அவர் அன்றைக்கு வைத்த பெயரும் நீளமும் அப்படியே இருக்கும்: சின்னவ பெட்டி, இரண்டு நிமிஷம். சின்னவ அக்கா சண்டை, நாலு நிமிஷம். சின்னவ சும்மா பேச்சு, எட்டு நிமிஷம் பதினாறு நொடி. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பெயரையும் ஒரு தடவை படிப்பாள். பிறகு அவளே அவரைத் தேற்றுவாள். விடுங்க, தெருப் பேருதானே மாறியிருக்கு, இன்னொரு நாள் பாக்கலாம் என்று சொல்லிவிட்டு டீ போடப் போவாள். அந்த டீயைக் குடிப்பதுதான் அவருக்கு வருஷத்திலேயே கஷ்டமான வேலை.

பழைய சாமான்காரரிடம் பெட்டி போய்விட்டால் முக்காலியும் போய்விடும் என்று அவர் கணக்குப் போட்டார். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அவள் கேட்ட கேள்விக்கு, பார்க்கலாம், அதெல்லாம் இனி வராது என்று மழுப்பினார். அவள் பிரஷ்ஷையும் டப்பா மூடியையும் எடுத்துக்கொண்டு கை கழுவப் போனாள்.

திங்கட்கிழமை அவர் ஒரு ஸ்டுடியோவில் வேலையாகப் போயிருந்தபோது அவள் அந்த நாலு திருகையும் மறுபடி கழற்றினாள். இத்தனை வருஷம் தூசு தட்டியதில் எந்த டிரைவ் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அதன் மேல் லேபிள் ஒட்டியவளே அவள்தான். அதைக் கழற்றி, மெத்துமெத்தென்ற உறையில் போட்டு, டிபன் பையில் வைத்து, இரண்டு பஸ் மாறி, கெட்டுப்போன டிரைவிலிருந்து படங்களை மீட்டுத் தருகிற ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். என்ன கோளாறு என்று கடைப்பெண் கேட்டாளாம். இவள் கணவரைப் போலவே, தெரு மாறிப்போச்சும்மா, வீடு உள்ளதான் இருக்கு என்று சொன்னாளாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிரைவும் ஒரு தாளும் திரும்பி வந்தன.

சாயங்காலம் அவர் எடிட் அறையில் பெட்டியின் ஒயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். அவள் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். டிபன் பையிலிருந்து டிரைவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். தாளைப் பிரித்து அதன் மேல் வைத்தாள். அவருக்கு டிரைவைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஒயர் கையிலேயே நின்றது.

"இதுல பழுதே இல்லையாம்," என்றாள். "அந்தப் பொண்ணு சொல்லுது, ஆன்ட்டி, இது ரொம்ப நல்ல டிரைவ், இன்னும் பத்து வருஷம் ஓடும்னு."

அவர் தாளை எடுக்கவில்லை.

"நான் மொதல்ல சந்தோஷப்பட்டேன். அப்புறம் இந்த லிஸ்ட்ட குடுத்துச்சு."

எங்கே எது இருந்தது, எது அழிக்கப்பட்டது, அந்த இடத்தில் எது எழுதப்பட்டது என்று தாளில் வரிசையாக இருந்தது. ஆய்வக பாட்டில்களைப் பார்த்துப் பழகியவள். முதலில் பெயர், அடுத்தது தேதி என்றுதான் எதையும் படிப்பாள். 'சொந்தம் 4' என்ற வரியின் மேல் விரலை வைத்தாள். அடுத்து 'கடைத் திறப்பு' என்ற வரிக்கு நகர்த்தினாள். விரல் தேதியில் நின்றது.

அழிந்துபோனது தனக்கு வருத்தம்தான், ஆனால் அது நடக்கிற விஷயம், ஆய்வகத்தில் தன் கையாலேயே எத்தனையோ உடைந்திருக்கிறது என்று அவள் சொன்னாள். சின்னவள் ஊருக்குப் போன மாதத்தில் அழித்திருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாளாம். யார் போவார் என்று யாருக்குத் தெரியும். இதையெல்லாம் அவள் நிதானமாக, கடைச் சாமான் எழுதிக் கொடுக்கிற குரலில் சொன்னாள். வருஷா வருஷம் கேபிள் மாற்றியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவருக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். மன்னிப்புக்கு அவர் பல தடவை ஒத்திகை பார்த்திருந்தார்.

"இருபத்தஞ்சாம் தேதி," என்றாள். "நான் அந்த ரூம்ல படுத்துக் கெடக்கறேன். அவ போய்ப் பதினோரு நாளு."

"ம்."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது அவளோடதுன்னு மறந்துட்டு அழிச்சீங்களா? இல்ல, தெரிஞ்சே, போனா போகுதுன்னு அழிச்சீங்களா?"

அவர் அந்தக் காலையை நினைத்துப் பார்த்தார். பதினேழு வருஷமாகப் பார்த்ததுதான். வரிசையாகத் தேர்ந்தெடுத்தது ஞாபகம் இருக்கிறது. 'சொந்தம்' என்ற எழுத்தில் கண் பட்டது ஞாபகம் இருக்கிறது. மெஷின் கேட்டது ஞாபகம் இருக்கிறது. விரல் அங்கே கொஞ்சம் நின்றதா என்பது ஒரு நாள் ஒரு மாதிரித் தோன்றும், மறுநாள் வேறு மாதிரித் தோன்றும். மறந்துட்டேன் என்று ஒரு சொல் சொல்லிவிடலாம். அவளும் அதை எடுத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அதுவும் கேபிளை மாற்றுகிற வேலைதான் என்று அவருக்குத் தோன்றியது. வாயைத் திறந்தார். ஒயரின் முனையைத் தடவினார். வாயை மூடிக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள். வாசலில் யாரோ சைக்கிளைச் சாய்த்து நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். டிரைவை எடுக்கவில்லை. முக்காலியை வழக்கம்போல மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு அறையை விட்டு வெளியே போனாள்.